‘சேர் இப்படிச் செஞ்சாரு’ என்று பிள்ளை சொன்னால்: வாசகர் கேள்வி – பதில்

ஆசிரியர் ஒருவர் மீது பிள்ளை முறைப்பாடு சொன்னால் பாடசாலை என்ன செய்ய வேண்டும், வீட்டார் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டு மலையகத்தின் பல பக்கங்களிலிருந்தும் வந்த கடிதங்களை இம்முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன. பெயர், தோட்டம், பாடசாலை எதையும் போடவில்லை. தோட்டத்தின் பெயரைப் போட்டாலே அங்குள்ளவர்களுக்குப் பிள்ளை யாரென்று தெரிந்துவிடும்.

எங்களுடையது தோட்டத்துப் பாடசாலை. ஓர் ஆசிரியர் தன்னைத் தகாத முறையில் தொட்டதாக ஏழாம் தரத்து மாணவி வகுப்பாசிரியையிடம் சொல்லியிருக்கிறாள். இருவரையும் அழைத்து விசாரித்து, உண்மையா பொய்யா என்று தெரிந்துகொண்ட பிறகு வலயக் கல்விப் பணிமனைக்கு அறிவிக்கலாம் என்றிருக்கிறேன். சரிதானே?
– அதிபர், மத்திய மாகாணம்

சரியில்லை, ஐயா. நல்ல எண்ணத்தோடு செய்யப்படும் இந்த ‘உள் விசாரணை’தான் பின்னால் வழக்கைக் கெடுக்கிறது. முதலில் வகுப்பாசிரியை கேட்பார், பிறகு பிரதி அதிபர், பிறகு நீங்கள், பிறகு வலயத்திலிருந்து வருபவர், கடைசியில் பொலிஸ். ஐந்து பேர் ஐந்து விதமாகக் கேட்டால் பதிலும் ஐந்து விதமாக வரும். திரும்பத் திரும்பக் கேட்கப்படும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை, ‘முதலில் சொன்னது பிழையோ’ என்று நினைத்து மாற்றிச் சொல்லத் தொடங்கும். அந்த முரண்பாடுகளைத்தான் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி நீதிமன்றத்தில் ஒவ்வொன்றாக எடுத்து வைப்பார். இது ஒரு பக்கம். ஆசிரியரை அழைத்துக் கேட்ட அந்த நிமிடத்திலேயே யார் சொன்னது, என்ன சொன்னது எல்லாம் அவருக்குத் தெரிந்துவிடும் என்பது மறுபக்கம். அன்று மாலையே பிள்ளையின் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) ஆள் போகும். போனில் இருந்தவை அழிந்துபோகும்.

கேட்டதை எழுதுவது, உரிய இடத்துக்கு அறிவிப்பது, பிள்ளையைப் பத்திரமாக வைத்திருப்பது. பாடசாலைக்குரியது இவ்வளவுதான். அறிவிப்பதற்கு நியாயமான சந்தேகம் போதும். நிரூபித்துவிட்டு வா என்று யாரும் உங்களைக் கேட்க முடியாது.

முதலில் எழுத்து. பிள்ளை யாரிடம் சொன்னதோ அவரே, அன்றே, தன் கைப்பட எழுதட்டும். ‘தகாத முறையில் நடந்துகொண்டார்’ என்று எழுதினால் அதில் ஒன்றுமே இல்லை. பிள்ளை என்ன சொல்லில் சொன்னதோ அதே சொல், அது லயத்துப் பேச்சாக இருந்தாலும், உடம்பின் பாகத்துக்கு வீட்டில் வழங்கும் பெயராக இருந்தாலும், அப்படியே வர வேண்டும். திருத்த வேண்டாம், செந்தமிழாக்க வேண்டாம். பிள்ளை சொன்ன திகதி, நேரம், இடம், அருகில் யார் இருந்தார்கள், தான் என்ன கேள்வி கேட்டார், பிள்ளை எப்படி இருந்தது: இவையும் வேண்டும். தன் ஊகங்களை ஆசிரியை அதில் கலக்கக் கூடாது. கீழே கையொப்பம், நேரம்.

அந்தத் தாளை உறையிலிட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தில் கையொப்பமிட்டு, நீங்கள் மட்டும் திறக்கும் அலுமாரியில் வையுங்கள். சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் ‘சிறுவர் பாதுகாப்பு முறைப்பாடு ஒன்று கிடைத்தது; இரகசியக் கோப்பில் உள்ளது; அறிவிக்கப்பட்டது’ என்று நேரத்துடன் ஒரு வரி போதும். அந்தப் புத்தகத்தை யார் யார் புரட்டுகிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். இன்னொன்று: கடிதத்தைத் தட்டச்சு செய்யவோ போட்டோ பிரதி எடுக்கவோ டவுன் கொமியுனிகேஷன் கடைக்குக் கொடுத்தனுப்பாதீர்கள். கதை வெளியே போகும் முதல் வாசல் பல தடவை அந்தக் கடைதான். கையால் எழுதிய கடிதமே போதும்.

அடுத்தது அறிவிப்பு. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு 24 மணிநேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழில் பேசலாம். 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட சபை அது. அழைத்ததும் முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் பகுதிப் பொலிஸ் நிலையத்தின் சிறுவர் மற்றும் மகளிர் பிரிவுக்கும் அன்றே சொல்ல வேண்டும். வலயக் கல்விப் பணிப்பாளருக்கும் அன்றே, தொலைபேசியில் சொல்லிவிட்டுப் பின்னர் எழுத்தில். வலயத்தின் அனுமதி வந்த பிறகுதான் பொலிஸுக்குப் போகலாம் என்று காத்திருக்கத் தேவையில்லை. மூன்றும் ஒரே நாளில் நடக்க வேண்டியவை.

பெற்றோரை அழைக்கும்போது கவனம். தோட்டக் காரியாலயத்துக்கோ மலையில் நிற்கும் கங்காணிக்கோ போன் போட்டு ‘இன்னாரை அனுப்புங்கள்’ என்றால், மறுநாள் காலைப் பெரட்டில் (வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்தில்) அதுதான் பேச்சு. தாயின் அல்லது தகப்பனின் சொந்தப் போனுக்கு, ‘பிள்ளை விசயமா நேர்ல பேசணும், பிள்ளை நல்லாத்தான் இருக்கு’ என்று மட்டும் சொல்லுங்கள். வேலையை விட்டு வந்தால் அரைப் பேராவது (அரை நாள் சம்பளமாவது) போகும் என்று தயங்குவார்கள். மாலை வரை தள்ளிப்போட வேண்டாம் என்று அழுத்திச் சொல்லுங்கள். சந்தேகம் வீட்டிலுள்ள ஒருவர் மீதும் இருக்குமானால், பெற்றோரிடம் பேசுவதற்கு முன் 1929இல் ஆலோசனை கேளுங்கள்.

ஆசிரியர் விடயத்தில் உங்கள் அதிகாரம் எதுவரை என்று தெரிந்திருக்க வேண்டும். பணி இடைநிறுத்தம் செய்ய அதிபருக்கு அதிகாரமில்லை. அது ஒழுக்காற்று அதிகாரியின் வேலை. மாகாணப் பாடசாலையென்றால் மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழுவின் கீழும், தேசியப் பாடசாலையென்றால் அரசாங்க சேவை ஆணைக்குழுவின் கீழும் அது நடக்கும். ஆனால் நேரசூசி உங்கள் கையில் இருக்கிறது. அந்த வகுப்பிலிருந்தும், விளையாட்டுப் பயிற்சி, மாலை வகுப்பு, நூலகம், விடுதி போன்ற தனியே பிள்ளைகளோடு இருக்கும் கடமைகளிலிருந்தும் அவரை அன்றே விலக்கிவையுங்கள். வலயப் பணிமனையில் தற்காலிகமாக இணைக்கும்படி பணிப்பாளரிடம் கேளுங்கள். இது தண்டனை அல்ல, விசாரணை முடியும்வரையான ஏற்பாடு என்று எழுத்திலும் குறிப்பிடுங்கள். என்ன சொல்லப்பட்டது, யார் சொன்னார் என்பதைப் பொலிஸ் பேசும் முன்னர் அவரிடம் சொல்லாதீர்கள்.

ஏற்பாடு செய்வதாக நினைத்துப் பிள்ளையை வேறு வகுப்புக்கு மாற்றுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. ‘ஏன் அவள மட்டும் மாத்துனாங்க?’ என்ற ஒரு கேள்வியில் முழுப் பாடசாலைக்கும் விடயம் விளங்கிவிடும்.

பிள்ளை என்னிடம், ‘டீச்சர், யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க, சொல்றேன்’ என்றது. சத்தியம் செய்துவிட்டேன். இனி என்ன செய்வது? அடுத்த முறை இப்படி வந்தால் எப்படிக் கேட்பது?
– ஆசிரியை, ஊவா மாகாணம்

செய்த சத்தியத்தை உடைக்கத்தான் வேண்டும். ஆனால் பிள்ளைக்குத் தெரியாமல் உடைக்காதீர்கள். ‘நான் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது மகள். உன்ன பாத்துக்கணும்னா இன்னும் ரெண்டு பேர்கிட்ட சொல்லித்தான் ஆகணும். யார்கிட்ட சொல்லப் போறேன்னு உனக்குச் சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்’ என்று பேசுங்கள். யார் அந்த இரண்டு பேர் என்பதையும் சொல்லுங்கள். அடுத்த முறை யாரும் இப்படி வந்தால், ‘தேவையில்லாத யாருக்கும் சொல்லமாட்டேன்’ என்பது வரைதான் வாக்குக் கொடுக்கலாம்.

கேட்கும் விதம்: கூடியவரை குறைவாகக் கேளுங்கள். ‘என்ன நடந்துச்சு, சொல்லு’, ‘பெறகு?’, ‘அது எங்க வச்சு?’ இந்த மூன்று கேள்வியும் போதும். ‘சேர் உன்ன தொட்டாரா?’, ‘இந்த எடத்துலயா?’ என்று பதிலைக் கேள்விக்குள் வைத்துக் கேட்டால் பிள்ளை ‘ஆமா’ என்று சொல்லிவிடும். பின்னால் அந்த ‘ஆமா’வுக்குப் பெறுமதி இல்லை. ‘ஏன் கத்தல?’, ‘ஏன் அன்னைக்கே சொல்லல?’, ‘நீ எதுக்குத் தனியா போன?’ என்பவை கேள்வியே அல்ல, குற்றஞ்சாட்டல். பிள்ளை வாயை மூடிக்கொள்ளும்.

இடமும் முக்கியம். மாணவத் தலைவரை அனுப்பிப் பிள்ளையை ஒபீசுக்கு அழைத்தால் வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்க்கும். இடைவேளையில் சாதாரணமாகக் கூப்பிட்டு, வெளியிலிருந்து பார்த்தால் தெரியும்படியும் பேச்சு கேட்காதபடியும் உள்ள இடத்தில் இருந்து பேசுங்கள். லயத்துக்குப் போய்ப் பேசவே வேண்டாம். ஒரு காம்பராவில் (லயத்து அறையில்) பேசுவது அடுத்த காம்பராவில் கேட்கும். பிள்ளை எழுதிக் கொடுக்க விரும்பினால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் ‘எழுதித் தா’ என்று நீங்களாகக் கேட்காதீர்கள். பிள்ளை பேசுவதைப் போனில் பதிவுசெய்யவும் வேண்டாம். அந்தப் பதிவு யாருடைய வட்ஸ்அப்பில் போய் நிற்கும் என்று சொல்ல முடியாது.

வாக்குமூலத்தை முறைப்படி வீடியோவில் பதிவுசெய்து, அதையே நீதிமன்றத்தில் சாட்சியமாக முன்வைக்க 1999ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தந்திருக்கிறது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையில் அதற்கான வசதி உண்டு. 1929இல் பேசும்போது அதைக் கேட்டுப் பாருங்கள்.

மகள் பாடசாலை விட்டு வந்து அழுதுகொண்டே சொன்னாள். பெரிய பிரச்சினைதான் நடந்திருக்கிறது. தோட்டத்து டிஸ்பென்சரிக்கு முதலில் காட்டவா, பொலிசுக்குப் போகவா? பொலிசில் சிங்களத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள் என்று பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், அட்டன் பக்கம்

அம்மா, டிஸ்பென்சரிக்குப் போய் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். காயம், இரத்தம் என்றால் நேரே அரசாங்க வைத்தியசாலைக்குப் போங்கள். உங்கள் பக்கமென்றால் டிக்கோயா ஆதார வைத்தியசாலை, இல்லாவிட்டால் நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலை. அங்குள்ள பொலிஸ் காவலரணுக்கு வைத்தியசாலையே அறிவிக்கும். அவ்வளவு அவசரமில்லையென்றால் முதலில் பொலிஸுக்குப் போகலாம். அவர்கள் சட்ட வைத்தியப் பரிசோதனைப் படிவம் தருவார்கள். அதைக் கொண்டுபோனால் சட்ட வைத்திய அதிகாரி பரிசோதிப்பார். பரிசோதனைக்கு முன் உங்களிடமும், விளங்கிக்கொள்ளும் வயதென்றால் பிள்ளையிடமும் சம்மதம் கேட்க வேண்டும். பெண் வைத்தியரோ பெண் தாதியோ உடனிருக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம்.

பரிசோதனை முடியும்வரை பிள்ளையைக் குளிப்பாட்ட வேண்டாம், உடுப்பை மாற்ற வேண்டாம். ஏற்கெனவே மாற்றியிருந்தால் துவைக்காதீர்கள். ஈரமிருந்தால் நிழலில் காயவிட்டு, ஒவ்வோர் உடுப்பையும் தனித்தனியே பத்திரிகைத் தாளில் சுற்றிக் காகிதப் பையில் போடுங்கள். பொலித்தீன் பை கூடாது: நம் பக்கத்து ஈரக் குளிருக்குள் ஒரே நாளில் பூஞ்சணம் பிடித்து, பார்க்க வேண்டிய தடயம் அழுகிவிடும். குளித்து, துவைத்தாகிவிட்டது என்றாலும் போகத்தான் வேண்டும். மருத்துவம் வேறு, தடயம் வேறு. தொற்றுத் தடுப்பு மருந்தும் கருத்தடை மாத்திரையும் 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு முந்துகிறதோ அவ்வளவு நல்லது. பெரிய வைத்தியசாலைகளில் ‘நட்பு நிலையம்’ என்று ஒரு பிரிவு இருக்கும். சிங்களத்தில் மித்துரு பியச என்பார்கள். அங்கே ஆறுதலாகப் பேசி வழிகாட்டுவார்கள்.

கையெழுத்து விடயத்தில் உங்கள் பயம் நியாயமானது. ஆனால் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 109ஆம் பிரிவின்படி, வாயால் சொல்லும் முறைப்பாட்டை, சொன்ன மொழியிலேயே எழுதி வாசித்துக் காட்ட வேண்டும். அந்த மொழியில் எழுத அதிகாரியால் முடியாவிட்டால், உங்களையே எழுதித் தரும்படி கேட்க வேண்டும். உங்களாலும் எழுத முடியாது என்றால்தான் வேறு மொழியில் எழுதலாம். அப்போதும் உங்களுக்கு விளங்கும் மொழியில் பெயர்த்துச் சொல்ல வேண்டும். ஆகவே போகும்போதே வீட்டிலிருந்து தமிழில் ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொண்டுபோங்கள்: யார், எப்போது, எங்கே, பிள்ளை சொன்ன சொற்கள். பிரதி ஒன்று உங்களிடம் இருக்கட்டும். வாசித்து விளங்காத எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள். முறைப்பாட்டு இலக்கம், திகதி, அதிகாரியின் பெயர் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். ‘நாளைக்கு வாங்க’ என்று திருப்பினால் அங்கே நின்றபடியே 1929க்கு அழையுங்கள். இரவு நேர அவசரமென்றால் 119.

தோட்டத் தலைவரும் பாடசாலை அபிவிருத்திக் குழுவில் இருப்பவர்களும் வந்து, ‘பொம்பளப் புள்ள பேரு கெட்டுப் போகும், சேர மாத்தி அனுப்புறோம், செலவுக்கும் கொஞ்சம் வாங்கித் தர்றோம்’ என்கிறார்கள். கோயில் கமிட்டியும் அதையே சொல்கிறது. தனியாக எதிர்த்து நிற்க முடியவில்லை.
– ஒரு தகப்பன், பதுளை மாவட்டம்

அவர்கள் பேசி முடிக்கும் விடயமல்ல இது. குடிநீர்க் குழாய்ச் சண்டையைத் தோட்டத்துக்குள் பேசி முடிக்கலாம். பிள்ளைக்கு எதிரான பாலியல் குற்றத்தைத் தலைவராலும் முடிக்க முடியாது, கமிட்டியாலும் முடியாது, சிறு தகராறுகளைப் பேசித் தீர்க்கும் இணக்க சபைக்குக்கூட அது போகாது. பணத்தை வாங்கினாலும் குற்றம் அப்படியே நிற்கும். பின்னால் வழக்கு வந்தால் ‘பணம் பறிக்கச் சொன்ன கதை’ என்று எதிர்த்தரப்பு சொல்வதற்கு நீங்களே ஆதாரம் கொடுத்ததாகிவிடும். வெற்றுத்தாளிலோ ‘சமாதானம்’ என்று எழுதிய தாளிலோ கையெழுத்து வைக்காதீர்கள். வைத்துவிட்டீர்கள் என்றாலும் முறைப்பாடு செய்யும் உரிமை போய்விடவில்லை. அந்தத் தாளைப் பற்றியும் பொலிஸிடம் சொல்லுங்கள்.

இடமாற்றம் என்பதைப் பற்றி ஒரு வார்த்தை. ஆளை மாற்றினால் ஆபத்து மாறுவதில்லை, விலாசம்தான் மாறுகிறது. அடுத்த மலையில், தாயும் தகப்பனும் கொழும்பில் வேலை செய்யும் ஒரு பிள்ளையிடம் போய்ச் சேரும். அதனால்தான் அதிபர்மாரையும் வலயத்தையும் திரும்பத் திரும்பக் கேட்கிறோம்: ஆரம்ப விசாரணை, குற்றப்பத்திரம், முறைசார் ஒழுக்காற்று விசாரணை என்று அரச ஊழியருக்கான தாபன விதிக்கோவை சொல்லும் பாதையில் கோப்பை நடத்துங்கள். பொலிஸ் வழக்கு முடியட்டும் என்று அதை மூடிவைக்க வேண்டாம். இரண்டும் தனித்தனிப் பாதை.

மிரட்டல் வந்தால் அதுவே தனிக் குற்றம். பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் பாதுகாப்புத் தர 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. யார் வந்தார்கள், எத்தனை மணிக்கு, என்ன சொன்னார்கள் என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். தனியாகப் போகப் பயமென்றால் பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார், நன்னடத்தை உத்தியோகத்தரும் இருக்கிறார். சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் கிளையை நாடுங்கள்.

நான்காம் தரத்தில் படிக்கும் மகனை மிஸ் கன்னத்தில் அறைந்து காது வலிக்கிறது. ‘அடிக்காம எப்பிடிப் படிப்பாங்க?’ என்று மற்றப் பெற்றோரே சொல்கிறார்கள். இதெல்லாம் முறைப்பாடு செய்யும் விடயமா?
– ஒரு தாய், நுவரெலியா மாவட்டம்

விடயம்தான். பாடசாலைகளில் உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சின் 12/2016 சுற்றறிக்கை சொல்கிறது. இதேபோல் ஆசிரியர் ஒருவர் அறைந்து மாணவர் ஒருவரின் செவி பாதிக்கப்பட்ட வழக்கில், 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம், அது அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரையை மீறிய செயல் என்று தீர்த்தது. சித்திரவதையும் இழிவான நடத்துகையும் கூடாது என்பதே அந்த உறுப்புரை. ஆசிரியர் ஒன்றரை இலட்சம் ரூபாவும் அரசு ஐந்து இலட்சம் ரூபாவும் நட்டஈடு கொடுக்க வேண்டும் என்றது தீர்ப்பு.

முதலில் காதைக் காட்டுங்கள். செவிப்பறை கிழிந்திருந்தால் வெளியே தெரியாது. இரைச்சல், நீர் வடிதல், கூப்பிட்டால் திரும்பாமை இவைதான் அறிகுறி. தண்ணீரோ எண்ணெயோ காதுக்குள் விடாதீர்கள். வைத்தியரிடம் ‘விழுந்துட்டான்’ என்று சொல்லாமல் நடந்ததைச் சொல்லுங்கள், அட்டையில் அது எழுதப்பட வேண்டும். கன்னத்தில் தடம் இருந்தால் வெளிச்சத்தில், பக்கத்தில் ஓர் அடிமட்டத்தை வைத்துப் படமெடுங்கள். அடுத்த இரண்டு நாளும் எடுங்கள், கன்றிய நிறம் மாறுவதும் சான்றுதான்.

பொலிஸில் ஒன்றைக் கவனியுங்கள். ‘சாதாரண காயம்’ என்று பதிந்தால் விடயம் இணக்க சபைக்குப் போய்விடக்கூடும். பொறுப்பில் இருப்பவர் 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையைத் தாக்கிக் கொடுமைப்படுத்துவது தண்டனைச் சட்டக்கோவையின் 308அ பிரிவில் வருகிறது. இரண்டு முதல் பத்து ஆண்டு வரை சிறை. பிரிவைக் குறிப்பிட்டே முறைப்பாடு எழுதுங்கள். அடிப்படை உரிமை மனு போடுவதானால் ஒரு மாதம்தான் அவகாசம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. ஆணைக்குழுவின் இலக்கம் 1996.

ஒரு அறைக்கு இவ்வளவு ஏன் என்று நினைக்கிறீர்களா? சிறிய தவறென்றால் அதிபரிடம் எழுத்தில் கொடுத்து, எழுத்தில் பதில் வாங்கி, அத்தோடு நிறுத்துவதும் ஒரு வழிதான். ஆனால் காது வலிக்கும்போது அது சிறிய தவறு அல்ல.

நான் ஆசிரியர். என் மீது ஒரு மாணவர் பொய் சொல்கிறார். எல்லாரும் பிள்ளை பக்கம்தான் பேசுகிறார்கள். எனக்கு நியாயம் யார் தருவது?
– ஆசிரியர், மத்திய மாகாணம்

ஒழுங்கான நடைமுறைதான் தரும். உங்களுக்கும் அது வேண்டும் என்பதற்காகவே அதிபர்மாரைத் தாமாக விசாரிக்க வேண்டாம் என்கிறோம். ஸ்டாப் ரூமில் நடக்கும் விசாரணையில் குற்றமற்றவர் வெளியே வருவதில்லை. ‘சமாளித்துவிட்டார்’ என்ற பெயரோடுதான் வருவார்.

இன்றிலிருந்து பிள்ளையோடும் பிள்ளையின் வீட்டாரோடும் நேரிலோ ஆள் மூலமோ போனிலோ பேசாதீர்கள். ‘மன்னிப்புக் கேட்டு முடித்துவிடுவோம்’ என்று யாரும் அழைத்தாலும் போகாதீர்கள். அது சாட்சியை மிரட்டியதாகவோ, ஒப்புக்கொண்டதாகவோ ஆகிவிடும். குறிப்பிட்ட நாளின் நேரசூசி, வரவுப் பதிவு, பாடத்திட்டப் பதிவு, உடனிருந்தவர்களின் பெயர்கள் எல்லாவற்றையும் நினைவிலிருக்கும்போதே எழுதி வையுங்கள். போனில் எதையும் அழிக்காதீர்கள். சட்டத்தரணியை வைத்துக்கொண்ட பிறகே வாக்குமூலம். ஒழுக்காற்று விசாரணை வந்தால் குற்றப்பத்திரத்தை எழுத்தில் பெறவும், பதில் எழுதவும், சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யவும் உங்களுக்கு உரிமை உண்டு. வகுப்பிலிருந்து விலக்கி வைக்கப்பட்டதை அவமானமாக எடுக்காதீர்கள். அந்தக் காலத்தில் புதிய முறைப்பாடு எதுவும் எழ முடியாது என்பது உங்களுக்கும் காப்பு.

பொய்யென்று தெரிந்தே பொலிஸுக்குத் தகவல் கொடுப்பது தண்டனைச் சட்டக்கோவையின் 180ஆம் பிரிவின் கீழ் குற்றம்தான். அதை இப்போதே பிள்ளையின் வீட்டாரிடம் சொல்லிப் பயமுறுத்தாதீர்கள். முறைப்பாடு நிரூபிக்கப்படாமல் போவது வேறு, பொய் என்று நிரூபிக்கப்படுவது வேறு.

டவுனில் தனியார் டியூஷன் வகுப்பில் நடந்தது. பாடசாலைக்கும் வலயத்துக்கும் சம்பந்தமில்லை என்கிறார்கள்.
– ஒரு தாய், பண்டாரவளை

வலயத்தின் ஒழுக்காற்றுப் பாதை இல்லையே தவிர, பொலிஸும் 1929உம் அப்படியே இருக்கின்றன. அந்த ஆள் அரச பாடசாலையிலும் படிப்பிக்கிறார் என்றால் வலயத்துக்கும் எழுதுங்கள்.

பாதிக்கப்பட்டது என் தம்பி. ‘ஆம்பளப் பயதானே’ என்று சிரிக்கிறார்கள்.
– அக்கா, மாத்தளை மாவட்டம்

சட்டம் சிரிக்காது. பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம் என்ற 365ஆ பிரிவு ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் ஒன்றே. பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குக் குறைந்தவரென்றால் ஏழு முதல் இருபது ஆண்டு வரை சிறை. வைத்தியப் பரிசோதனையும் தொற்றுத் தடுப்பு மருந்தும் மேலே தாய்க்குச் சொன்னபடியே.

தங்கைக்கு 17 வயது. உயர்தர வகுப்பு சேர் இரவில் வட்ஸ்அப்பில் எழுதுகிறார், போட்டோ கேட்கிறார். 16 தாண்டிவிட்டதால் ஒன்றும் செய்ய முடியாது என்கிறார்கள்.
– அண்ணன், கண்டி மாவட்டம்

16 என்பது பாலுறவுச் சம்மத வயது. அதை வைத்துக்கொண்டு ஆசிரியர் மாணவியிடம் எதையும் கேட்கலாம் என்று ஆகாது. சொல்லால் செய்யும் பாலியல் தொல்லையும் 345ஆம் பிரிவில் வரும். 18 வயதுக்குக் குறைந்தவரின் ஆபாசப் படத்தை எடுப்பதும் வைத்திருப்பதும் 286அ பிரிவில் குற்றம். ஒழுக்காற்று விசாரணைக்கு அந்தச் செய்திகளே போதும்.

எண்ணைத் தடுக்கு முன், செய்தியை அழிக்கு முன், எண்ணும் திகதியும் நேரமும் தெரியும்படி முழு உரையாடலையும் திரைப்பிடிப்பு எடுங்கள். ஒன்றிரண்டை மட்டும் எடுத்தால் ‘முன்னும் பின்னும் வெட்டிவிட்டார்கள்’ என்பார்கள். படம் அனுப்பியிருந்தால் அதை நீங்கள் யாருக்கும் பகிராதீர்கள், ‘ஆதாரத்துக்கு’ என்றும் வேண்டாம். போனையே பொலிஸிடம் காட்டுங்கள். தங்கச்சியை ஏசி போனைப் பிடுங்கினால், அவள் அடுத்ததாகச் சொல்ல இருந்ததைச் சொல்லமாட்டாள்.

அந்த ஆசிரியரின் படத்தைப் பேஸ்புக்கில் போட்டு எல்லாருக்கும் தெரியப்படுத்தினால் என்ன?
– இளைஞர் கழக உறுப்பினர், தலவாக்கலை பக்கம்

ஆசிரியரின் பெயரையும் பாடசாலையையும் போட்டால் பிள்ளையை அடையாளம் காண அந்தப் பகுதியில் யாருக்கும் ஐந்து நிமிடம் போதும். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளம் தெரியும்படி வெளியிடுவது 365இ பிரிவின் கீழ் குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறை. முறைப்பாட்டு இலக்கம் இருந்தும் பொலிஸ் அசையவில்லையென்றால் அந்த இலக்கத்தோடு 1929க்கு அழையுங்கள், மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் எழுதுங்கள். கழகம் உதவ விரும்பினால் அந்தத் தாயோடு நீதிமன்றத் தவணைகளுக்கு ஒருவர் துணைக்குப் போங்கள், பஸ் காசையும் பாருங்கள். தவணைக்குத் தவணை ஒரு நாள் பேர் போவதால்தான் பல வீடுகள் நடுவில் விட்டுவிடுகின்றன.

பேத்தியின் அம்மா குவைத்தில். அப்பா இல்லை. நான் எழுதப் படிக்கத் தெரியாதவள். நான் முறைப்பாடு செய்தால் எடுப்பார்களா?
– ஒரு பாட்டி (பக்கத்து வீட்டுப் பிள்ளை எழுதியது), ஹப்புத்தளை பக்கம்

எடுக்க வேண்டும், பாட்டி. பிள்ளைக்கு ஆபத்து என்று யார் வேண்டுமானாலும் முறைப்பாடு செய்யலாம். இரத்த உறவு என்றுகூட இல்லை. வாயால் சொன்னால் போதும். வைத்தியப் பரிசோதனைக்குச் சம்மதம் கேட்கும்போது தாய் வெளிநாட்டில் இருக்கிறார், நான்தான் வளர்க்கிறேன் என்று சொல்லுங்கள், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழையும் உங்கள் அடையாள அட்டையையும் கொண்டுபோங்கள். பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரை உடன் வரச் சொல்லிக் கேளுங்கள். தாய்க்குப் போனில் சொல்லும்போது பேத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லாதீர்கள்; அந்தக் கதையை இன்னொரு தடவை அவள் கேட்க வேண்டியதில்லை.

எனக்கு இப்போது 23. பாடசாலையில் படிக்கும்போது நடந்தது. அந்த ஆள் இன்னும் படிப்பிக்கிறார். காலம் கடந்துவிட்டதா?
– பெயர் வேண்டாம்

கடக்கவில்லை. இந்த வகைக் குற்றங்களுக்கு வழக்குத் தொடர 20 ஆண்டு அவகாசம் இருக்கிறது. நினைவிலுள்ளதை ஆண்டு, தரம், வகுப்பறை என்று எழுதி வையுங்கள். அந்தக் காலத்தில் யாரிடமாவது சொல்லியிருந்தால் அவர் பெயரையும் எழுதுங்கள், அவர் சாட்சியாகலாம். பழைய டயரி, கடிதம், செய்தி இருந்தால் எடுத்து வையுங்கள். உங்களோடு படித்தவர்களிடம் ‘உனக்கும் நடந்ததா?’ என்று நீங்களாகக் கேட்டு அலைய வேண்டாம், கலந்து பேசிச் சொன்ன கதை என்பார்கள். அந்தப் பெயர்களைப் பொலிஸிடம் கொடுங்கள், அவர்கள் கேட்கட்டும். அவர் இப்போது எந்தப் பாடசாலையில் இருக்கிறார் என்பதையும் முறைப்பாட்டின் முதல் பந்தியிலேயே எழுதுங்கள். இன்று அவர் வகுப்பில் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதால் 1929இல் அதை அவசர விடயமாக எடுக்கும்படி கேட்கலாம்.